முன்னாயத்தப் பணிமனைக்கு ஃபயர் வந்த விதம்

இந்த நாட்டின் நிர்வாகம் சொற்களால் நடக்கிறது என்பதை நம்பாதவர்கள் ஒட்டுசுட்டான் பக்கம் ஒருமுறை வந்து போகலாம். உரம் வராத போகம் இங்கே உண்டு. மருந்து வராத ஆஸ்பத்திரி உண்டு. பஸ் வராத நாளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு இங்கிலிஷ் சொல் வராமல் ஒரு வருடமாவது கழிந்தது என்று ஒருவராலும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை 'எம்பவர்மென்ட்' வந்தது. வெள்ளை வாகனத்தில் வந்து, எல்லோருக்கும் ஒரு தொப்பி தந்துவிட்டுப் போயிற்று. பிறகு 'ரெசிலியன்ஸ்' வந்தது. அது ஒரு துணிப்பையும் தண்ணீர்ப் போத்தலும் தந்தது. அந்தச் சொல் இரண்டுக்கும் அர்த்தம் என்ன என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தொப்பி எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். வயலில் வெருளியின் தலையில் இருக்கிறது.

அந்த வரிசையில் இவ்வருடம் எழுந்தருளிய சொல், 'ஃபயர்.'

எழுந்தருளிய இடம், அனர்த்த முன்னாயத்த இணைப்புப் பணிமனை. வெள்ளம், வறட்சி, புயல், யானை ஆகியவை வரமுதல் ஆயத்தமாக இருப்பது இந்தப் பணிமனையின் கடமை. அவை வந்து போனபிறகு, தாங்கள் எவ்வளவு ஆயத்தமாக இருந்தோம் என்று அறிக்கை எழுதுவது இதன் வேலை. கடமையில் எப்படியோ, வேலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பணிப்பாளர் சுகிர்தன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த செயலமர்வுக்குப் போயிருந்தார். போகும்போது சாதாரண மனுசனாகத்தான் போனார். திரும்பி வரும்போது கழுத்தில் சிவப்பு நாடாவில் தொங்கும் ஒரு அட்டையும், வாயில் இந்தச் சொல்லும் இருந்தன. எல்லாப் பணிமனைகளும் வருடம் முடியமுதல் ஒரு 'ஃபயர் ட்றில்' நடத்தி, 'ஃபயர் சேஃப்' என்ற சான்றிதழ் பெறவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை.

உடனே கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் தேத்தண்ணி. தேத்தண்ணி என்றால் எமில்டா.

எமில்டா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். பணிமனையின் பின்பக்கம், தகரக் கொட்டிலில் கன்ரீன் நடத்துகிறாள். அவளுடைய புருசன் யாகப்பு கரைவலை இழுத்து முதுகு விட்டுப்போனபிறகு, வீட்டில் படுத்திருந்தபடி றேடியோவில் வானிலை அறிக்கை சொல்கிறவனோடு சண்டை பிடிப்பதைத் தவிர வேறு தொழில் செய்வதில்லை. கொட்டிலுக்குள் புற்றுமண் குழைத்து எமில்டா தன் கையால் போட்ட இரட்டை வாய் அடுப்பு ஒன்று இருக்கிறது. பாலை விறகு வைத்தால் காலைத் தேத்தண்ணி தொடக்கம் மத்தியானத் திரளி மீன்குழம்புவரை தாங்கும். அந்த அடுப்பு எரிந்தால்தான் வீட்டு அடுப்பும் எரியும். இது பொருளாதாரம். இதற்கு இங்கிலிஷ் தேவையில்லை.

அவள் தட்டத்தோடு உள்ளே நுழைந்தபோது, பிரதம இலிகிதர் ஞானேஸ்வரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இருக்கிறவர். கேள்வி கேட்கிற துணிவு அந்தப் பணிமனையில் அவர் ஒருவருக்குத்தான் மிச்சமிருந்தது.

"சேர், ஃபயர் எண்டால் நெருப்புத்தானே?"

"அப்பிடிச் சிம்பிளாச் சொல்லேலாது மிஸ்," என்றார் சுகிர்தன். "நெருப்பு எண்டுறது குசினியிலை இருக்கிறது. ஃபயர் எண்டுறது ஒரு கொன்செப்ட். ஃபயர் சேஃப்டி எண்டு சொல்லுறம். நெருப்புச் சேஃப்டி எண்டு ஆராவது சொல்லுவினமோ?"

ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்று குறிப்பெடுக்கப்பட்டது.

அதன்பிறகு அந்தச் சொல் வேலிக்கிளுவை மாதிரித் தழைத்தது. ஃபயர் கமிற்றி உண்டானது. ஃபயர் பைல் திறக்கப்பட்டது. சிவப்பு நிறத்தில் ஒரு அணைப்புச் சிலிண்டர் வந்து இறங்கியது. களவு போய்விடும் என்ற அச்சத்தினால் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை ஞானேஸ்வரியின் கைப்பையில் போட்டார்கள். அலுமாரி களவு போனால் என்ன செய்வது என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு 'ஃபயர் எக்ஸிற்' பலகை. கட்டிடத்துக்கு நாலு கதவு. மூன்று கதவு காலை முதல் மாலைவரை திறந்தே கிடக்கும். நாலாவது கதவு, கட்டிடத் திறப்புவிழாவன்று ரிபன் வெட்டித் திறந்து, திரும்பப் பூட்டி, திறப்பைப் பிரமுகர் ஒருவர் நினைவாகத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போன கதவு. அதற்குப் பிறகு திறந்ததில்லை. பலகையை அந்தக் கதவுக்கு மேல் அடிக்கும்படி பணிப்பாளர் உத்தரவிட்டார்.

"சேர், அது பூட்டிக் கிடக்கு," என்றார் ஞானேஸ்வரி.

"மிஸ், மற்ற மூண்டு கதவாலையும் சனம் உள்ளை வருது. உள்ளை வாற வழி எப்பிடி எக்ஸிற் ஆகும்? இந்தக் கதவாலைதான் ஒருத்தரும் உள்ளை வாறேல்லை."

பலகை அடிக்கப்பட்டது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் ஒரு கேள்வியில். 'உங்கள் பணிமனையில் ஃபயர் உண்டாகக்கூடிய இடங்களைக் குறிப்பிடுக.' எல்லோரும் யோசித்தார்கள். கரண்ட் பாதிநாள் வராது. பைல்கள் போன வெள்ளத்தில் நனைந்து இன்னும் காயவில்லை. சுருட்டுப் பிடிக்கிற ஒரே ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். ஃபயர் வர ஒரு இடம்கூட இல்லாத பணிமனை. பணிப்பாளரின் முகம் வெட்கத்தால் சுருங்கிப்போயிற்று. மற்றப் பணிமனைகளில் ஐந்தாறு இடம் போட்டிருப்பார்களே.

அந்த நேரம் பின் யன்னலால் மீன்குழம்பு வாசம் வந்தது. பணிப்பாளர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"எமில்டா அக்கா, உங்கடை அடுப்பு எரியுதோ?"

"எரியாமலோ சேர் உங்கடை கையிலை தேத்தண்ணி இருக்குது?"

கமிற்றியின் முகங்கள் மலர்ந்தன. அன்று பின்னேரமே கொட்டிலின் தகரத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை ஏறியது: 'பிரதான ஃபயர் ஆபத்து.' எமில்டா அதை வாசித்துவிட்டு, அகப்பையும் கையுமாகப் பணிப்பாளரின் அறைக்குள் போனாள்.

"சேர், நேற்றுவரைக்கும் இது அடுப்பு."

"நேற்றுச் சுற்றறிக்கை வரேல்லை அக்கா."

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"சான்றிதழ் வேணுமெண்டால் திறந்த அடுப்பு இருக்கக் கூடாது. உடைக்க வேணும்."

"அப்ப இண்டைக்கே உடைக்கட்டோ?"

பணிப்பாளர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "ஐயோ அக்கா, உடைச்சுக் கிடைச்சுப் போடாதேங்கோ! அதை உடைச்சால் நாங்கள் எதுக்கு ட்றில் செய்யிறது? ட்றில் மட்டும் அது எரிய வேணும். நல்லா எரிய வேணும். ட்றில்லிலை பாஸ் பண்ணின உடனை உடைப்பம்."

"பாஸ் பண்ணாட்டில்?"

"பாஸ் பண்ணாட்டில் வாற வருசம் திரும்பவும் ட்றில். அதுமட்டும் அடுப்பு இருக்கத்தான் வேணும்."

எமில்டா அகப்பையைக் கீழே தாழ்த்தினாள். அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. பணிமனை தோற்றால் அடுப்புப் பிழைக்கும். பணிமனை வென்றால் தான் தொலைந்தாள்.

அன்றிரவே அவள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். "சுவாமி, தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் நீர். அந்த நாலாங் கதவின்ரை திறப்பை மட்டும் தயவுசெய்து கண்டுபிடியாதேயும். அவையள் எல்லாம் பிழையாச் செய்ய வேணும். ஒருத்தரும் ஒழுங்கா வெளியிலை வரப்படாது."

பாயில் கிடந்த யாகப்பு சிரித்தான். "எடியே, அரசாங்கக் கந்தோர் ஒண்டு ஒரு வேலையை ஒழுங்காச் செய்யாமல் விடவேணும் எண்டு மன்றாடுறியே. அதுக்கு அந்தோனியார் என்னத்துக்கு? சும்மா இருந்தாலே நடக்கும்."

ட்றில்லை நடத்திவைக்கக் கொழும்பிலிருந்து றொமேஸ் என்றொரு நிபுணர் வந்தார். இறுக்கமான காற்சட்டை, பெரிய சப்பாத்து, கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரம், வாகனத்தின் பின்னால் ஒரு சைரன். வந்ததும் வராததுமாகப் பணிமனைக்கு முன்னால் வெட்டவெளியில், ஒரு மரம் மட்டை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு பச்சைப் பலகையை நடச் சொன்னார். 'ஒன்றுகூடுமிடம்.'

குழி தோண்டிய காவலாளி பழனியாண்டி அலவாங்கை நிறுத்திவிட்டுக் கேட்டார். மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்து வன்னியிலேயே நரைத்தவர். "சத்தம் கேட்டதும் எல்லாரும் இந்த வெட்டவெளியிலயா சேர் வந்து கூடி நிக்கணும்?"

"ஆமா. ஓப்பன் ஸ்பேஸ்தான் சேஃப்."

பழனியாண்டி ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையை நட்டார்.

காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்கம் கொடுக்கப்பட்டது. இன்றைக்கு ஏதோ ஒரு நேரத்தில் சைரன் ஊதும். பதறக் கூடாது. ஓடக் கூடாது. வரிசையாக வெளியே வந்து பலகையடியில் கூடி நிற்க வேண்டும். விளங்கியதா? விளங்கியது. பட்டதாரிகள் நிரம்பிய பணிமனை. எல்லோருக்கும் நன்றாக விளங்கியது.

எமில்டாவுக்கும் விளங்கியது. அவள் அடுப்பில் இரண்டு கொள்ளியை அதிகமாகவே வைத்து, ஒரு வாயில் உலையும் ஒரு வாயில் குழம்பும் ஏற்றிவிட்டு, நடக்கப்போகும் கூத்தைப் பார்க்க வாசலில் பலகைக்கட்டை போட்டுக் குந்தினாள்.

சைரன் ஊதியது.

முதலில் அடிவயிற்றில் முனகுவதுபோல் தொடங்கி, பிறகு ஏறி, ஏறி, உச்சியில் நின்று அலறியது.

பணிப்பாளர் சுகிர்தன் அந்த நேரம் ஒரு விண்ணப்பதாரிக்கு ஃபயர் ட்றில்லின் அவசியத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன 'ஃபயர்' என்ற சொல்லின் முதல் எழுத்து மேசைக்கு மேலும் மிச்சம் மேசைக்குக் கீழும் கேட்டது. விண்ணப்பதாரி அவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே படுத்திருந்தார். ஞானேஸ்வரி மிஸ், முழங்கால் வாதத்துக்கு மருந்து எடுக்கிறவர், படிக்கட்டுக்குக் கீழே எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் இருக்கிற கைப்பையை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் மொத்தப் பேரும் குப்புறக் கிடந்தார்கள். இரண்டு காதும் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து வைக்காவிட்டால் காதுச் சவ்வு கிழியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். சண்டைக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்த பயிலுநர் பிள்ளை ஒன்றும், மற்றவர்கள் படுத்ததைப் பார்த்துவிட்டுப் படுத்தது. பழனியாண்டி றோட்டோர மதகுக்குள் இருந்தார்.

எமில்டா?

எமில்டாவின் தலை 'கூத்துப் பார்' என்று சொன்னது. கை கேட்கவில்லை. கை கொள்ளியை வெளியே இழுத்தது. அடுப்பு வாய் இரண்டிலும் சாம்பலையும் மண்ணையும் வாரிக் கொட்டியது. ஒரு நூல் புகை மேலே போகாமல் அமுக்கியது. புகை தெரிந்தால் மேலே சுற்றுகிற வண்டு என்ற வேவு விமானத்துக்கு இடம் தெரியும், வண்டுக்குத் தெரிந்தால் பின்னால் குண்டோடு கிபிர் வரும் என்று பழகிய கை. அதன்பிறகுதான் அவள் விறகுக் கும்பிக்குப் பின்னால் விழுந்து படுத்தாள். படுத்துக் கிடந்து மூச்சு வாங்கியபோதுதான் தலைக்கு நினைவு வந்தது. இது ட்றில். இந்த வருடம் வேறை வருடம்.

சைரன் ஓய்ந்தது. பணிமனையில் ஒரு சத்தமும் இல்லை.

வெட்டவெளியில் ஒன்றுகூடுமிடத்தில் றொமேஸ் கடிகாரமும் கையுமாக நின்றார். அவரோடு ஒரு ஆடு நின்றது. வேறு ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்த எமில்டாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒருத்தரும் வெளியே வரவில்லை! தோல்வி! அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி நேர்ந்தாள்.

றொமேஸ் உள்ளே வந்தார். தரையில் கிடந்தவர்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன இது? ஏன் யாருமே வெளிய வரல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். மேசைக்குக் கீழேயிருந்து பணிப்பாளரின் குரல் மட்டும் வந்தது. பதவிக்குரிய கம்பீரம் ஒன்றும் குறையாத குரல்.

"மிஸ்டர் றொமேஸ், உங்கடை கையேட்டிலை, ஃபயர் நேரம் புகைக்குக் கீழை, நிலத்தோடை பதிவா இருக்க வேணும் எண்டு போட்டிருக்குத்தானே?"

"ஆமா. லோவா இருக்கணும்."

"இதைவிட லோவா இருக்கேலுமோ?"

றொமேஸ் சுற்றிப் பார்த்தார். முடியாது என்றுதான் அவருக்கும் பட்டது. "உண்மையச் சொல்லணும்னா... கொழும்புல பெரிய பெரிய பேங்க்ல எல்லாம் ட்றில் பண்ணியிருக்கேன். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டு நிப்பாங்க. இவ்வளவு டிசிப்ளினா யாரும் படுத்ததில்ல. சரி, ஃபயர் எங்க?"

எல்லோரும் கொட்டிலுக்குப் போனார்கள். அடுப்பு செத்துக் கிடந்தது. குழம்பில் சாம்பல் மிதந்தது.

"யாரு அணைச்சது? அதுவும் சைரன் ஊதி முடியிறதுக்குள்ள?"

"நான் இல்லை சேர்," என்றாள் எமில்டா. இரண்டு கையும் முழங்கைவரை கரி.

"வெரி குட்! எக்ஸலன்ட்!" என்று றொமேஸ் அந்தக் கரிக்கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கெல்லாம் யார் ட்ரெய்னிங் குடுத்தது?"

மதகுக்குள்ளிருந்து எழும்பி வந்து உடம்பைத் தட்டிக்கொண்டிருந்த பழனியாண்டி சொன்னார், "நெறைய பேரு சேர். மேலயிருந்து வந்து பழக்கினாங்க."

"எந்த நிறுவனம்?"

பணிப்பாளர் முந்திக்கொண்டார். "பல நிறுவனங்கள்."

றொமேஸ் அதை எழுதிக்கொண்டார். பணிமனைக்கு அதிவிசேட சித்தி. அடுப்புக்கு மரணதண்டனை. எமில்டா தன் கையைத் தானே பார்த்து, "சனியன் பிடிச்ச கை," என்று வைதாள். வேறு யாரை வைவது?

சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிய அன்றே பழனியாண்டி மண்வெட்டியோடு வந்தார். "தங்கச்சி, கோவிக்காத. மண்ண ஒரு உரப்பையில கட்டி மதகடியில வைக்கிறேன். நல்ல புத்துமண்ணு." எமில்டாவை 'ஃபயர் வோர்டன்' ஆக நியமித்துச் செம்மஞ்சள் மேற்சட்டை ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்தார்கள். அடுப்புக்குப் பதிலாக நவீன மின்னடுப்பு ஒன்று கொடுத்தார்கள். மூன்று துளைப் பிளக் பணிமனையில் ஓரிடத்தில் மட்டும்தான் இருந்தபடியால், அதை மண்டபத்துக்குள், பைல் அடுக்குக்கு நடுவில் வைத்தார்கள். திறந்த அடுப்பு இல்லாதபடியால் ஆபத்தும் இல்லை. 'பிரதான ஃபயர் ஆபத்து' என்ற பலகை மட்டும் வெறும் கொட்டிலில் அப்படியே நின்றது. அதைக் கழற்றுவதற்குச் சுற்றறிக்கை வரவில்லை.

மின்னடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும், சோறு வேகாது. உத்தியோகத்தர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சந்திக் கடைக்குப் போனார்கள். போனவர்கள் பெரும்பாலும் அடுத்தநாள்தான் வந்தார்கள். எமில்டா பிளேன்ரீ விற்றாள். யாகப்பு வானிலை அறிக்கையை வெறும் வயிற்றோடு திட்டினான்.

ஆனால் பணிமனையின் கீர்த்தி நெடுங்கேணி தாண்டிப் பரவியது. அயல் பணிமனைகளிலிருந்து வாகனம் பிடித்து வந்து, நிலத்தோடு பதிந்து படுக்கும் 'பதிவு முறை' படித்தார்கள். சொந்தமாக ஒரு சைரன் வாங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை. பயத்தில் விழுந்தவர்கள் இப்போது பழக்கத்தில் விழுந்தார்கள். ஞானேஸ்வரி மிஸ் வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் பாய் கொண்டுவந்தார்கள். பூவேலை செய்த தலையணையுறைகூட ஒன்றிரண்டு காணப்பட்டன.

மின்னடுப்பின் வயர் ஒரு வெள்ளிக்கிழமை இளகியது. புகைந்தது. பக்கத்தில் கிடந்த ஃபயர் பைலில் பிடித்தது. அது ஒன்றுதான் அந்தப் பணிமனையில் வெள்ளத்தில் நனையாத புதுப் பைல். நன்றாகவே பிடித்தது. பயிலுநர் பிள்ளை பாய்ந்துபோய்ச் சைரன் பொத்தானை அமத்தினாள்.

எல்லோரும் பாயை விரித்துப் படுத்தார்கள்.

"மிஸ், இண்டைக்கு மணம் கொஞ்சம் கூடவெல்லோ?" என்றார் பணிப்பாளர் குப்புறக் கிடந்தபடி.

"ஓம் சேர். உண்மை மாதிரிக் கிடக்கு. நல்லாச் செய்யினம்."

ஃபயர் வோர்டன் எமில்டா செம்மஞ்சள் சட்டையோடு விசில் ஊதிக்கொண்டு ஓடினாள். பின்பக்கமாக ஓடினாள். கொட்டிலுக்குள் புகுந்து, பலகைக்குக் கீழே, அடுப்பு இருந்த இடத்தில் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினாள். வெறும் நிலத்தில் ஒரு சின்ன மண்புட்டி எழும்பியபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மண்டபத்துக் கூரையால் புகை போய்க்கொண்டிருந்தது.

ஆள்சேதம் இல்லை. தரையில் பதிவாய்க் கிடந்தவர்கள் தரையோடு ஊர்ந்தே மூன்று கதவாலும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த வித்தையும் ஏற்கெனவே படித்ததுதான். அணைப்புச் சிலிண்டர் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்து, அலுமாரியோடு சேர்ந்து எரிந்தது. திறப்பு, ஞானேஸ்வரி மிஸ்ஸின் கைப்பையில் இன்றுவரை பத்திரம்.

றோட்டில் சனம் கூடிவிட்டது. ஒரு கையால் போனைப் பிடித்துப் படம் எடுத்தது. மற்றக் கையால் வாளியைப் பிடித்திருக்கலாம். ஆனால் மற்றக் கையால்தானே படத்துக்குக் கீழே அந்தக் குட்டி நெருப்புப் படத்தைப் போடவேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 'ஃபயர்' என்றால் 'அந்தமாதிரி', 'வேறை லெவல்' என்று அர்த்தமாம். கூரை விழுகிற வீடியோவுக்குக் கீழே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரிசை வரிசையாக நெருப்புக் கொட்டினார்கள். உங்கள் போனையும் ஒருதரம் திறந்து பாருங்கள், நீங்களும் ஒன்று போட்டிருப்பீர்கள். எமில்டாவும் ஒன்று போட்டாள். அவளுடையது மட்டும் மனப்பூர்வமானது.

விசாரணைக்குழு வந்தது. பணிமனையிடம் நடைமுறையிலுள்ள ஃபயர் சேஃப் சான்றிதழ் இருந்தபடியால், நடந்ததை ஃபயர் என்று வகைப்படுத்த இயலாது எனவும், அது 'கட்டிடத்துக்குள் ஏற்பட்ட வெப்பநிலை அதிகரிப்பு' எனவும் ஏகமனதாகத் தீர்மானித்தது.

கட்டிடம் போன பணிமனை எங்கே இருப்பது? வளவில் எரியாமல் மிஞ்சியது ஒன்றுகூடுமிடம் என்ற பச்சைப் பலகைதான். அதற்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி, கதிரை போட்டு, எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். தறப்பாளுக்குக் கீழே இருப்பதற்கும் அவர்களுக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஃபயர் விதிகள் கட்டிடத்துக்குத்தான், கட்டிடம் இல்லாதபடியால் அடுப்புக்குத் தடையுமில்லை என்று ஞானேஸ்வரி மிஸ் சுற்றறிக்கையை வாசித்துச் சொன்னார். பழனியாண்டி மதகடியிலிருந்து உரப்பையைத் தூக்கி வந்தார். எமில்டா பலகைக்கு அருகிலேயே புற்றுமண் குழைத்துப் புது அடுப்புப் போட்டாள். வோர்டன் சட்டை சட்டி இறக்கும் துணியாயிற்று. சந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். யாகப்புவும் வயிறாரத் திட்டினான்.

புதுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டுகிற நாள் வந்தது. பிரமுகர் மத்தியானம் வருவார். சான்றிதழைப் புதுப்பிக்க றொமேஸும் அன்றைக்கே வந்து நின்றார். பணியாளர் மொத்தப் பேரும் ஒன்றுகூடுமிடத்தில் ஒருவர் குறையாமல் இருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோய்ப் பெரிதாக ஒரு சரி போட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி இன்னும் அவியவில்லை.

பிரமுகர் றோட்டால் வரவில்லை. மேலால் வந்தார்.

காட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் தடதடவென்று வந்தபோது பணிப்பாளர் கதிரைக்குக் கீழே போனார். ஞானேஸ்வரி மிஸ் கைப்பையோடு சாய்ந்தார். தறப்பாளின் கீழ் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பாய்ச்சலில் நிலத்தில் கிடந்தார்கள். எமில்டாவின் கை கொள்ளியை இழுத்தது, மண்ணை அள்ளியது, அடுப்பில் கொட்டியது. அவசரத்தில் பாதி மண் உலைக்குள் விழுந்தது.

ஹெலிகொப்டர் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. எல்லோரும் எழும்பி உடுப்பைத் தட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இப்ப சைரன் ஊதலியே?" என்றார் றொமேஸ். அவர் ஒருவர்தான் கதிரையில் இருந்தார். "ஏன் அடுப்ப அணைச்சீங்க?"

எமில்டா பணிப்பாளரைப் பார்த்தாள். பணிப்பாளர் ஞானேஸ்வரி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் பச்சைப் பலகையைப் பார்த்தார்.

"ஃபயர் சேஃப்டி, மிஸ்டர் றொமேஸ்," என்றார் பணிப்பாளர், மீசையில் ஒட்டிய புழுதியைத் துடைத்தபடி.

"வெரி குட்," என்று றொமேஸ் எழுதிக்கொண்டார்.

திரும்ப அடுப்பு மூட்ட நேரமில்லை. பிரமுகர் வந்துவிடுவார். எமில்டா இருந்ததை இருந்தபடி பரிமாறினாள். பாதி வெந்த சோறு, அதில் பாதி மண். எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். பழகிய பல்லில் மண் நறநறவென்று கடிபட்டது.

ஒருவரும் துப்பவில்லை.